தேய்ந்த காசும் திருத்தும் கையும்

1913ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு புதிய ஐந்து சென்ட் காசு புழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் அந்நாட்டுப் பூர்வகுடி மனிதர் ஒருவரின் தலை, மறுபக்கம் பைசன் என்னும் காட்டெருமை. ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் என்ற சிற்பியின் வடிவமைப்பு. சேகரிப்பாளர்கள் இதை ‘பஃபலோ நிக்கல்’ என்கிறார்கள். அழகில் இதற்கு இணையான அமெரிக்கக் காசுகள் குறைவு. ஆனால் ஆண்டைப் பொறிக்கத் தேர்ந்த இடம் தவறாகிவிட்டது. தோள்பட்டையின் மேல், காசின் மேடான பகுதிகளுள் ஒன்றில், ஆண்டு புடைத்து நின்றது. சட்டைப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் உரச உரச முதலில் தேய்ந்தது அதுதான். பின்புறத்தில் காசின் மதிப்பைச் சொல்லும் எழுத்துக்கும் இதே கதி நேரும் என்று கண்டு, அதே ஆண்டிலேயே அதைப் பள்ளத்தில் இறக்கிப் பாதுகாத்தார்கள். ஆண்டுக்கு அப்படி ஒரு தீர்வு கிடைக்கவில்லை. 1938இல் அச்சடிப்பு நின்றபோது நூறு கோடிக்கும் மேற்பட்ட காசுகள் வெளிவந்திருந்தன. அவற்றில் ஏராளமானவை இன்று ஆண்டில்லாத காசுகள்.

சேகரிப்பாளருக்கு ஆண்டும், அடித்த அக்கசாலையின் குறியும்தான் எல்லாம். 1926இல் சான் ஃபிரான்சிஸ்கோ அக்கசாலை அடித்தவை 9,70,000 மட்டுமே; இந்த வரிசையிலேயே மிகக் குறைவான எண்ணிக்கை அது. ஆண்டு தெரிந்தால் அது அரிய காசு. தெரியாவிட்டால் கடையில் குவியலாகக் கிடக்கும் பழைய நிக்கல்களில் ஒன்று. ஒரு சொட்டு அமிலத்தில் அந்த ஆண்டை மீண்டும் தெரியவைக்கலாம் என்றால், அதைச் செய்யலாமா?

தேய்ந்த சேகரிப்புக் காசுகளை மாற்றுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏமாற்று என்ற ஒரே அச்சில் சுழல்கிறது. வாங்குபவரை ஏமாற்றினால் தவறு, இல்லையென்றால் உடைமையாளரின் விருப்பம் என்பதே பொதுவான நிலைப்பாடு. இந்த நிலைப்பாடு பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். காசு ஒரு சான்றும் ஆகும். அதை அடுத்து கையில் எடுப்பவர் அதிலிருந்து என்ன அறிய முடியும் என்பதையும் சேர்த்தே எந்த மாற்றத்தையும் எடைபோட வேண்டும்.

அமிலம் செய்யும் வேலை

தேய்ந்த ஆண்டை மீட்கப் பயன்படும் ‘அமிலம்’ பெர்ரிக் குளோரைடு. மின்சுற்றுப் பலகைகளில் செம்பை அரித்தெடுக்கப் பயன்படும் அதே வேதிப்பொருள். பஃபலோ நிக்கலின் உலோகத்தில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அக்கசாலையில் அச்சின் அடி விழுந்தபோது, எண்கள் உருவான இடத்து உலோகத்தின் உள்ளமைப்பு சுற்றியுள்ள உலோகத்திலிருந்து சற்று வேறுபட்டுவிடுகிறது. மேற்பரப்பு தேய்ந்த பிறகும் அந்த வேறுபாடு அடியில் எஞ்சியிருக்கும். அமிலம் படும்போது இரண்டு பகுதிகளும் வெவ்வேறு அளவில் அரிபடுவதால் மறைந்த எண் நிழல்போல் எழுகிறது. அரத்தால் அழிக்கப்பட்ட துப்பாக்கி வரிசை எண்ணைத் தடய அறிவியலர்கள் மீட்பதும் இதே தத்துவத்தில்தான்.

வெளிப்படும் ஆண்டு பொய்யானதல்ல. 1920 என்று எழுந்தால் அந்தக் காசு 1920இல் அடிக்கப்பட்டதுதான். இந்த வகையில் அமிலம் இட்டவர் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஆனால் ஆண்டைத் தாங்கியிருந்த மேற்பரப்பை அவர் கரைத்துவிட்டார். அந்த இடம் வெளிறிச் சொரசொரப்பாகிவிடுகிறது. எழுந்த எண் காலப்போக்கில் மங்குவதும், மங்கியதும் மறுபடி அமிலம் இடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உலோகம் போகிறது. மேற்பரப்பைத் திருப்பித் தர எந்த வழியும் இல்லை.

பல நேரங்களில் அமிலத்துக்குத் தேவையே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. காட்டெருமை ஒரு மண்மேட்டின் மீது நிற்கும் முதல் வகைப் பின்புறம் 1913இல் மட்டுமே அடிக்கப்பட்டது. அக்கசாலைக் குறியும் பின்புறத்திலேயே இருக்கிறது. ஆகவே மேடும், அதன் கீழ் சான் ஃபிரான்சிஸ்கோவின் குறியும் தெரிந்தால், முன்புறத்தில் ஓர் எண்கூட இல்லாவிட்டாலும் அது 1913இன் காசு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். டென்வர் அக்கசாலையின் 1937ஆம் ஆண்டு ‘மூன்று கால் எருமை’யும் அப்படித்தான். அங்கே ஓர் அச்சை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் எருமையின் முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே அழிந்துபோயிற்று. அந்த அச்சு தந்த காசுகளில் பின்னங்கால் அரிக்கப்பட்டதுபோல் இருக்கும். வயிற்றுக்கும் தரைக்கும் இடையே சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆண்டு வேண்டியதில்லை. அமிலப் புட்டியைத் திறக்கும் கை பெரும்பாலும் காசை முழுதாகப் படித்து முடிக்காத கை.

சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 331ஆம் பிரிவு, காசுகளை மோசடியாக மாற்றுவதையும் சிதைப்பதையும் குற்றமாக்குகிறது. அதில் எடையுள்ள சொல் ‘மோசடியாக’ என்பதுதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 246 முதல் 249 வரையான பிரிவுகளும் இதே தடத்தில் சென்றன. மோசடியாக எடையைக் குறைப்பது, வேறு வகைக் காசாகச் செல்லவைக்கும் எண்ணத்துடன் தோற்றத்தை மாற்றுவது ஆகியவை அங்கே குற்றங்களாக இருந்தன. இச்சட்டங்கள் காத்து நின்றது நாணயத்தின் நம்பகத்தன்மையை, கடைத்தெருவில் காசு வாங்கும் கையை. காசின் வரலாற்றுத் தகவலைக் காப்பது அவற்றின் நோக்கத்தில் இல்லை.

மோசடிக்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. 1914இல் டென்வர் அடித்த லிங்கன் சென்ட் அரியது. 1944இன் சென்ட்டோ மலிவு. 1944இல் முதல் 4ஐச் செதுக்கி 1 ஆக்கிவிட்டால் 1914 வந்துவிடும். ஆனால் வடிவமைப்பாளரின் முதலெழுத்துகள் 1918 முதல் லிங்கனின் தோள் விளிம்பில் இடம்பெற்றன. 1914இன் காசில் அவை இருக்கக் கூடாது. எனவே மோசடிக்காரர் அவற்றையும் சுரண்ட வேண்டியிருக்கிறது. எண்களுக்கு இடையே விழும் பொருந்தாத இடைவெளியை அவரால் சரிசெய்ய முடிவதில்லை. 1943இன் சென்ட்டுகள் போர்க்காலத் தட்டுப்பாட்டால் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டவை. தவறிப்போய்ச் செம்புக் கலவையில் அடிக்கப்பட்ட மிகச் சில காசுகளுக்கு இன்று பெரும் விலை. அதற்காக எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவார்கள். ஒரு காந்தம் அந்த வேலையை அம்பலப்படுத்திவிடும். அடுத்து 1948இன் 8ஐப் பாதியாகச் செதுக்கி 3 ஆக்குவார்கள்.

இவற்றைத் தவறென்று சொல்ல ஆய்வு தேவையில்லை. கடினமான கேள்வி வேறு: யாரையும் ஏமாற்றாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிச் செய்யும் மாற்றத்தில் தவறு உண்டா?

தேய்மானம் ஒரு பதிவு

இக்கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஓர் ஆழமான விடை கிடைக்கிறது. கணிதவியலரான டி.டி. கோசாம்பி 1940களில் பழங்கால வெள்ளி முத்திரைக் காசுகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய 3.4 கிராம் எடையுள்ள அந்தச் சிறு வெள்ளித் துண்டுகளில் ஆண்டும் இல்லை, அரசன் பெயரும் இல்லை. சூரியன், மலை, விலங்கு போன்ற குறிகள் மட்டுமே உண்டு. எது முந்தியது, எது பிந்தியது என்று காண வழி தெரியாமல் அறிஞர்கள் திகைத்திருந்த இடத்தில் கோசாம்பி தராசை எடுத்தார். புழக்கத்தில் இருக்கும் காசு ஆண்டுதோறும் மிகச் சிறிய அளவு எடையை இழக்கிறது. நீண்ட காலம் புழங்கிய வகையின் சராசரி எடை குறைந்திருக்கும். ஒரே வகைக் காசுகளின் எடைகளுக்குள் வேறுபாடும் கூடியிருக்கும். தம் காலத்துப் புழக்கக் காசுகளையும் எடைபோட்டு இம்முறையைச் சோதித்த பிறகே பழங்காசுகளுக்கு அதைப் பொருத்தினார்.

தட்சசீலப் புதையலில் அவர் இன்னொன்றையும் கண்டார். காசின் பின்புறத்தில் பிற்காலத்தில் குத்தப்பட்ட சிறு குறிகள் கூடக்கூட எடை குறைந்துகொண்டே வந்தது. பலரும் காசுமாற்றுவோர் அல்லது வணிகர்களின் சோதனைக் குறிகளாகக் கருதும் முத்திரைகள் அவை. அவருடைய முடிவுகளில் சில பின்னர் விவாதத்துக்கு உள்ளாயின. ஆயினும் அடிப்படை நிலைத்துவிட்டது: தேய்மானம் கால அளவைத் தாங்கியிருக்கும் பதிவு. காசு அக்கசாலையை விட்டு வெளியேறிய பிறகு அதன் மேல் விழுந்த குறிகளும் அப்பதிவின் பகுதிகள்.

இங்கிருந்து பார்த்தால், தேய்ந்த காசைச் ‘சரிசெய்வது’ என்ற எண்ணமே ஐயத்துக்குரியதாகிறது. சேகரிப்பாளர் குறையாகக் காண்பதை ஆய்வாளர் தரவாகக் காண்கிறார். அமிலத்தில் ஊறவைத்த முத்திரைக் காசு பளபளக்கும். எடைபோட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது. குறைந்தது புழக்கத்தினாலா, மண்ணில் கிடந்ததினாலா, போன வாரம் ஊறவைத்ததினாலா என்று யார் சொல்வது? செய்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் பார்த்தறியாத ஒருவரின் கேள்விக்கு விடை கிடைக்காமல் போய்விட்டது.

புதுக்கோட்டைப் பொற்காசுகளின் வெட்டுகள்

மாற்றமே சான்றாகிவிடுவதற்குத் தமிழகத்தில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1898இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கறுக்காக்குறிச்சியில், 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியாலோ கத்தியாலோ ஆழமாக ஒரு வெட்டு. அதே ஆண்டில் ஜார்ஜ் ஹில் இப்புதையலைப் பற்றி எழுதினார். காசுகளில் ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

ஏன் வெட்டினார்கள்? தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கியதன் அடையாளம் என்பது ஒரு விளக்கம். உள்ளேயும் பொன்தானா என்று பார்க்கும் சோதனை என்பது இன்னொன்று. ஆனால் பொன்னைச் சோதிக்க விளிம்பில் ஒரு கீறல் போதும். இவ்வளவு காசுகளில் தேடிப்பிடித்து முகத்தின் மேலேயே வெட்ட வேண்டியதில்லை. வேற்று நாட்டு அரசனின் முகத்தை அழித்து, காசை வெறும் பொன்னாக மாற்றும் செயல் என்று கருதுவோரும் உண்டு. இந்த மூன்றில் முதல் விளக்கத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே இன்னும் முடிவு எட்டப்படவில்லை. வெட்டின் ஆழம், திசை, வெட்டுக்குமுன் காசு எவ்வளவு தேய்ந்திருந்தது ஆகியவையே இவ்விவாதத்தின் சான்றுகள்.

பழங்காசுச் சந்தையில் உளிக்காயம் பட்ட காசுக்கு விலை குறைவு. காயத்தை உலோகத்தால் அடைத்து முகத்தை மீண்டும் செதுக்கித் தரும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். இந்தக் காசுகளில் ஒன்றை அப்படிச் ‘செப்பனிட்டால்’ அகஸ்டஸின் மூக்கு திரும்பி வரும். தென்னிந்தியாவில் அந்தப் பொன்னைக் கையாண்ட ஒருவரின் முடிவு மறைந்துவிடும். உலகில் அகஸ்டஸின் முகம் தெளிவாகத் தெரியும் காசுகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வெட்டுக்கு மாற்று எங்கும் கிடையாது.

ஆற்று மணலில் கிடைத்த எழுத்துகள்

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் சங்க காலக் காசுகள். கரூரில் அமராவதி, மதுரையில் வைகை, திருக்கோவிலூரில் பெண்ணை ஆகிய ஆற்றுப்படுகைகளில் கிடைத்த காசுகள்தான் இத்துறையை வளர்த்தன. மணலைச் சலித்தவர்களிடமிருந்து வியாபாரிகளுக்கும், அவர்களிடமிருந்து சேகரிப்பாளர்களுக்கும் அவை வந்துசேர்ந்தன. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படிச் சேகரித்து ஆராய்ந்து வெளியிட்டவற்றுள் தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த பாண்டியர் செப்புக் காசும் ஒன்று. இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் உலோகத்தில் கிடைத்த தருணம் அது. ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ போன்ற சேரர் பெயர்களும் காசுகளில் வாசிக்கப்பட்டன. சேகரிப்பாளர்களும், காசுகளைச் சுத்தம்செய்த கைகளும் இல்லையென்றால் இந்தப் பெயர்கள் ஆற்றிலேயே போயிருக்கும். இந்தக் கடனை மறந்துவிட்டு அறம் பேசுவது நியாயமாகாது.

அதே சமயம், இக்காசுகளில் பலவற்றுக்கு அகழாய்வின் மண்ணடுக்கு இல்லை. உடன் கிடைத்த பானை ஓடு இல்லை, கரி இல்லை. காசின் மேற்பரப்பு ஒன்றே சாட்சி. சில மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்தில் ஒரு கோடு கூடினாலோ குறைந்தாலோ பெயர் மாறும். பெயர் மாறினால் அரச வரிசையும் மாறும். களிம்பு படிந்த செம்பில் மங்கலாகத் தெரியும் கோட்டை ஊசியால் ஆழப்படுத்துபவர், தாம் கண்டதைத் தெளிவாக்குவதாகவே நம்பலாம். ஆனால் அடுத்து வரும் எழுத்தியல் அறிஞர் படிப்பது பழைய அக்கசாலையின் கோட்டையா, ஊசியின் கோட்டையா? 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்கு வகுத்த நெறி, ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்பது. ஒரு கோபுரத்துக்குத் தேவைப்படும் அந்தக் கட்டுப்பாடு, விரல்நுனியளவு செப்புத் துண்டுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சுத்தம்செய்வதே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. செப்புக் காசில் குளோரைடு சேர்ந்துவிட்டால் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். விட்டுவைத்தால் காசே மிஞ்சாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் இந்தச் சிக்கலைத்தான் எதிர்கொண்டார். வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் அவர் மீட்டது அன்று முன்னோடிப் பணி. பின்னாளில் பாதுகாப்பியலர்கள் அந்த முறையிலிருந்து விலகி, நுண்ணோக்கியின் கீழ் கையால் சிறிது சிறிதாக நீக்கும் முறையை விரும்பத் தொடங்கினார்கள். களிம்பை மொத்தமாகக் கழற்றும்போது அதில் பதிந்திருக்கக்கூடிய துணியிழை, மரம் போன்றவற்றின் தடங்களும் போய்விடுகின்றன என்பது ஒரு காரணம். நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லாத, சிறந்த அறிவோடு செய்த பணியைக்கூடப் பிற்காலம் வேறு கண்ணால் பார்க்கும் என்பதை இது உணர்த்துகிறது. பரமசிவனின் பணியை இன்று எடைபோட முடிவதற்குக் காரணம், தாம் செய்ததை அவர் எழுதிவைத்ததுதான்.

வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. கிடைத்த காசைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆகும். நூற்றாண்டுகள் உருவாக்கிய மேற்படலம் சில நிமிடங்களில் போய்விடும். அதன் அடியிலிருந்த நுண்கோடுகளும் சேர்ந்து தேய்ந்திருக்கும். பிளாஸ்டிக் உறை விட்டுச்சென்ற பிசுபிசுப்பை அசிட்டோனில் கழுவுவது இதிலிருந்து வேறுபட்டது. அசிட்டோன் உலோகத்தோடு வினைபுரிவதில்லை. வெளியிலிருந்து ஒட்டியதை மட்டும் எடுக்கிறது. இரண்டையும் ‘சுத்தம் செய்தல்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால் குழப்பம் நீடிக்கிறது.

மாற்றுத் தரப்பின் நியாயங்கள்

மாற்றத்தை ஆதரிப்போரின் வலுவான வாதம் எண்ணிக்கை பற்றியது. கோடிக்கணக்கில் அடித்த பஃபலோ நிக்கல் ஒன்றில் அமிலம் இடுவதால் வரலாறு எதை இழக்கிறது? பெரும்பாலும் எதையும் இல்லை என்பதே நேர்மையான விடை. அந்தக் காசின் உலோகம், எடை, அச்சடிப்பு எண்ணிக்கை எல்லாம் அரசு ஆவணங்களில் உள்ளன. நல்ல நிலையில் உள்ள பிரதிகள் ஏராளம். பணமில்லாத ஒரு சிறுவன் தன் அட்டைத் தொகுப்பின் காலிக் குழியை அமிலம் இட்ட காசால் நிரப்புவதில் இக்கட்டுரை தவறு காணவில்லை. அமிலத்தின் தடம் வெளிப்படையாகவே தெரிவதால் அதை மறைத்து விற்பதும் கடினம். தரநிர்ணய நிறுவனங்கள் அத்தகைய காசுக்கு எண் தரம் கொடுக்காமல், குறையைக் குறிப்பிட்டே சான்றளிக்கின்றன. சந்தையில் அது மிகக் குறைந்த விலைக்கே போகிறது.

அதே நிக்கலில் பிறந்த இன்னொரு மரபும் இவ்வாதத்துக்கு வலு சேர்க்கிறது. ஊர் ஊராய் வேலை தேடி அலைந்த நாடோடித் தொழிலாளர்கள் அக்காசின் முகத்தைச் செதுக்கித் தாடிக்காரராகவும் தொப்பிக்காரராகவும் மாற்றினார்கள். ‘ஹோபோ நிக்கல்’ என்று பெயர் பெற்ற அக்கலையில் பெர்ட்ராம் வீகண்ட், ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸ் ஆகியோரின் வேலைப்பாடுகளை இன்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். காசை அவர்கள் மாற்றினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாரும் அதை மாற்றாத காசு என்று எண்ணப்போவதில்லை. செதுக்கிய கை தன்னை மறைக்கவில்லை. பெரும் பொருளாதார மந்தத்தின் பசிக்காலத்தைப் பற்றிய சான்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தும் தந்தது.

‘என் காசு, என் உரிமை’ என்ற இரண்டாவது வாதம் இவ்வளவு வலுவானதல்ல. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அனுமதியின்றி அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உடைமையாளருக்கும் உரிமையில்லை. உடைமை வரம்புக்கு உட்பட்டது என்பதைச் சட்டமே ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே காசை அதே உடைமையாளர் அமிலத்தில் கரைத்தால் என்ன ஆவது என்ற கேள்விக்குத்தான் சேகரிப்பாளர் சமூகம் தன் பழக்கத்தால் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவு செய்யும் கடமை

அருங்காட்சியகப் பாதுகாப்பியலர் ஒரு பொருளைத் தொடுமுன் படம் எடுக்கிறார், எடைபோடுகிறார், பயன்படுத்தும் வேதிப்பொருளின் பெயரையும் நேரத்தையும் குறிக்கிறார், முடித்ததும் மீண்டும் படம் எடுக்கிறார். இந்தப் பழக்கத்துக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு கைப்பேசியும், நகைக்கடையில் காணும் சிறு மின்தராசும், காசு உறையில் எழுத ஒரு பென்சிலும் போதும். சிக்கல் உறையும் காசும் பிரிந்துபோவதில் இருக்கிறது. காசு கை மாறும்போது குறிப்பு தங்கிவிடுகிறது. தரநிர்ணய நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டியைக்கூட உடைத்துக் காசை வெளியே எடுத்து, குறையைச் சொல்லாமல் மீண்டும் தரத்துக்கு அனுப்புவோர் இருக்கிறார்கள். அமில நிக்கலின் தடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஊசியால் ஆழப்படுத்திய தமிழ் பிராமிக் கோட்டுக்கு அந்த நாணயமும் கிடையாது. பழையதைப் போலவே அது தோற்றமளிக்கும். ஆகவே இங்கே பதிவின்மை மோசடிக்கு நிகரான விளைவைத் தருகிறது, செய்தவரின் மனம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும்.

சங்க காலக் காசுகளை வெளியிடுவோரிடம் கேட்க வேண்டியது இதிலிருந்து தெளிவாகிறது. ஒவ்வொரு காசின் எடை, அளவு, எழுத்து வாசிப்பு ஆகியவற்றோடு அது சுத்தம் செய்யப்பட்டதா, எந்த முறையில், யாரால் என்ற ஒரு வரியும் பட்டியலில் இடம்பெற வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே அச்சிட வேண்டும். சுத்தம் செய்யும் முன் எடுத்த படம் இருந்தால் பின் எடுத்த படத்தின் அருகில் அதையும் வெளியிட வேண்டும். வாசிப்பில் கருத்து வேறுபாடு உள்ள காசுகளில் இருந்து இதைத் தொடங்கலாம். அவற்றைச் சேகரித்தவர்களிலும் கழுவியவர்களிலும் சிலர் இன்னும் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட முடியும்.